வானம் பார்க்காத கால்கள்

டமார்!

கீழக்கரிசல்பட்டி சமுதாயக்கூடத்தின் ஜன்னல் கதவுகள் அதிர்ந்தன. மேடை மேசைமேல் இருந்த சோடா பாட்டில் உருண்டு விழுந்து உடைந்தது. அடுத்த கணம் கூடமே எழுந்து வாசலை நோக்கி ஓடியது.

சிவகாசி வட்டாரத்தில் வெடிச்சத்தம் புதிதல்ல. ஆனால் தரையோடு வரும் சத்தம் வேறு. வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருக்கும் ஊர் அது. பெண்கள் செருப்பை மாட்டியும் மாட்டாமலும் முற்றத்துக்கு ஓடி, அண்ணாந்து, நின்ற இடத்திலேயே சுற்றினார்கள். எந்தத் திசையில் புகை?

"எங்கனலே வெடிச்சிச்சி?"

"புகையக் காணோமே!"

"கெழக்க, கண்மாய்ப் பக்கம்! வாங்கடி!"

கூட்டம் கிழக்கே பாய்ந்தது.

எழில் முற்றத்தில் நின்று எல்லா முகங்களையும் பார்த்தாள். மதுரையில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவள் அவள். ஒரு கூட்டம் பயப்படும்போதுதான் அதன் உண்மையான முகம் தெரியும் என்பது அவள் நம்பிக்கை. ஆனால் அவளுடைய உதவியாளனின் முகத்தை மட்டும் எங்கும் காணவில்லை.

திரும்பி உள்ளே வந்தாள். மேடை மேசையின் பச்சைத்துணிக்குக் கீழே காலையில் ஊர்ப் பெண்கள் பார்த்துச் சிரித்த பளபளப்பான ஊதாச் சட்டையின் ஓரம் தெரிந்தது.

"உக்கிரபாண்டி, வெளியே வா."

"மேடம், பேரு வச்சது எங்கப்பா. அவரு ஆசைக்கு நான் பொறுப்பாக முடியாது." துணியை விலக்கிக்கொண்டு அவன் தவழ்ந்து வந்தான். "முடிஞ்சிருச்சா?"

அவள் கண்கள் மேடையின் ஓரத்தில் நிலைத்திருந்தன. அங்கே கையால் சுற்றி ஓட்டும் ஒரு மூன்று சக்கர வண்டி நின்றிருக்க வேண்டும். அதில் ஒரு பெண் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வண்டியும் இல்லை. பெண்ணும் இல்லை.

"முத்துச்செல்வி எங்கே?"

உக்கிரபாண்டியின் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது.

அவர்கள் இந்த ஊருக்கு வந்ததே முத்துச்செல்விக்காகத்தான். உரிமம் இல்லாத ஒரு தகர செட்டில் ராக்கெட்டுக்கு வெடிமருந்து இடித்துக்கொண்டிருந்தவள் அவள். செட் வெடித்துச் சுவர் சாய்ந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. செட்டின் முதலாளி யாரென்று அவளுக்கே தெரியாது. கூலி கொடுக்க ஒரு ஏஜெண்ட் வருவான், போவான். வெடித்த பிறகு அவனும் வரவில்லை.

இப்போது ஊருக்கு அரசாங்கத்தின் புதிய திட்டம் வந்திருந்தது. ஊரிலேயே மிகவும் நலிந்தவர்கள் யாரென்று ஊர்க்கூட்டமே சொல்ல வேண்டும். கைம்பெண்கள், ஊனமுற்றோர், நிலமில்லாதவர்கள். அவர்களுக்கான குழுவில் அவர்களே உட்கார வேண்டும். ஊனமுற்றோர் சார்பில் முத்துச்செல்வியின் பெயரை இன்றைய கூட்டம் ஏற்பதாக இருந்தது. அவள் முன்கூட்டியே ஒன்று சொல்லியிருந்தாள்: "நான் உக்காந்ததும் மொத வேலை அந்தக் கள்ளச் செட்டத் தேடிப் பூட்டுறதுதான். மறுபடியும் எங்கயோ நடக்குது. போக்கத்த பொம்பளைகதான் அங்கன போறாக. அவுகளுக்கு வேற தொழில் குடுங்க."

மறுநாள் காலை அவள் வண்டியின் கைப்பிடியில் யாரோ மிரட்டலாக, பட்டாசுக்கு வைக்கும் கருந்திரியை ஒரு சாண் கட்டி வைத்திருந்தார்கள். போலீசுக்குப் போக வீட்டில் பயம். தம்பி முனியராஜ்தான், லோடு வேன் ஓட்டுகிறவன், மதுரைக்கு வந்து எழிலை அழைத்து வந்தான்.

"எல்லாரையும் வெளியே கிளப்பத்தான் சத்தம்," என்றாள் எழில். "ஓட முடியாதவள் ஒருத்திதான் உள்ளே. அவளைத் தூக்கியாச்சு."

"வண்டியோடயா? அது என்ன தீப்பெட்டியா மேடம், பையில போட்டுக்கிட்டுப் போக?"

மேடைக்குப் பின்னால் ஒரு கதவு. அதிலிருந்து சிமெண்டுச் சாய்தளம் தரைக்கு இறங்கியது. முத்துச்செல்வியின் வண்டிக்காகவே மகளிர் குழுத் தலைவி சண்முகத்தாய் பஞ்சாயத்தில் சண்டை போட்டுக் கட்டவைத்தது. கதவு திறந்து கிடந்தது.

"பாண்டி, நீ மேசைக்கு அடியில் இருந்தாயே, இந்தப் பக்கம் என்ன பார்த்தாய்?"

"காலு மேடம். துணிக்குக் கீழ அதுதான தெரியும்? வாசப்பக்கம் போன காலெல்லாம் முத்தத்துல நின்னு பம்பரமா சுத்துச்சு. ஒரு ஜோடி மட்டும் இந்தக் கதவு வழியா விருட்டுனு போச்சு. நிக்கல, சுத்தல."

"ஆணா, பெண்ணா?"

"குதிகால்ல எழுதி ஒட்டலையே! வெறுங்காலு. அம்புட்டுதான். அப்புறம் பயத்துல கண்ண மூடிக்கிட்டேன்."

எழில் சாய்தளத்தில் இறங்கினாள். முந்தாநாள் மழையில் நனைந்த கரிசல் இன்னும் முழுதாகக் காயவில்லை. மேற்கே போகும் வண்டிப்பாதையில் மூன்று சக்கரத் தடம் தெளிவாக ஓடியது. கூடவே வெறுங்கால் தடம்.

"மேற்கே!" உக்கிரபாண்டி விசிலடித்தான். "ஊர் மொத்தமும் கெழக்க ஓடுது, கடத்துனவன் மேற்க தள்ளிக்கிட்டுப் போறான். கில்லாடி!"

"தள்ளினால் கால் தடம் எங்கே இருக்கும்?"

"வண்டிக்குப் பின்னால."

"சக்கரத்தின் மேல் கால் பதிந்திருக்கும். இங்கே குனிந்து பார்."

அவன் குனிந்தான். கால் தடத்தின் நடுவைச் சக்கரம் அறுத்துக்கொண்டு போயிருந்தது. இங்கும் அப்படித்தான். அடுத்த தடமும் அப்படித்தான்.

"கால் முதலில் போயிருக்கிறது. சக்கரம் பின்னால் வந்திருக்கிறது," என்றாள் எழில். "அவளை யாரும் கடத்தவில்லை. அவள்தான் யாரையோ துரத்திக்கொண்டு போயிருக்கிறாள்."

வாசலில் ஆரவாரம் கேட்டது. கண்மாய்க்குப் போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னால் முனியராஜ். வேர்த்துக் கொட்டியது.

"அக்கா எங்க? உள்ள எங்க அக்காவக் காணோமே, எங்க?"

பின்னாலேயே சண்முகத்தாய். ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கி முத்துச்செல்விக்கு வண்டி வாங்கிக் கொடுத்தவள்; அக்காவும் தம்பியும் சித்தி என்று கூப்பிடுகிறவள். மார்பில் அடித்துக்கொண்டாள். "கம்மாய் வரைக்கும் ஓடிப் பாத்துட்டு வாரேன். வெறும் பானைக்குள்ள யாரோ வெடியப் போட்டு வெடிச்சிருக்கானுக. அதுக்குள்ள எம் புள்ளயக் காணோமா? ஏ தாயி, முத்து!"

கடைசியாக, நீண்ட குடையை ஊன்றியபடி கோட்டைச்சாமி வந்தார். நிலபுலன் உள்ளவர். கூலிக்குப் போகிறவர்கள் கமிட்டியில் உட்கார்ந்தால் காட்டு வேலைக்கு யார் வருவார்கள் என்று காலையிலேயே கூட்டத்தில் சத்தம் போட்டவர். அவருடைய தோல் செருப்பு அடிக்கு ஒருதரம் கிரீச்சிட்டது.

எழில் முனியராஜின் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"வெடியைப் போட்டது நீதானே?"

"நானா? என்னம்மா பேசுறீக?"

"வெடியைப் போட்டது யாரென்று ஊரே கேட்டுக்கொண்டு வருகிறது. நீ மட்டும் கேட்கவில்லை. அக்கா எங்கே என்று மட்டும் கேட்டாய். எங்களைக் கூப்பிட்டதும் நீ, எங்களிடம் மறைத்ததும் நீ. சீக்கிரம் சொல். உன் அக்கா உயிர் இருக்கிறது இதில்."

முனியராஜ் குரலைத் தாழ்த்தினான்.

"அவதாம்மா போடச் சொன்னா. யார்ட்டயும் மூச்சுவிடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. 'சத்தம் கேட்டா ஊரே மொதல்ல வானத்தப் பாக்கும்லே, எந்தப் பக்கம் புகைன்னு தெரியாதுல்ல. ஆனா கள்ள செட்டு வச்சிருக்க ஆளு வானத்தப் பாக்காது. நம்ம செட்டுதான் போச்சுன்னு நேரா அங்கன ஓடும். யாருன்னு நான் உள்ள உக்காந்து பாத்துக்கிடுறேன்'னு சொன்னா. பாத்துட்டு மைக்குல பேர் சொல்றதாத்தான் பேச்சு. பின்னாலயே போவான்னு எனக்குத் தெரியாதும்மா!"

உக்கிரபாண்டி வாயைப் பிளந்தான். "மேடம், நம்ம ஆபீசுல ஒரு நாற்காலி காலியா இருக்குல்ல? அந்தப் பொண்ணுக்குக் குடுத்துருவோம். நான் டீ வாங்கிட்டு வாரேன்."

"முதலில் அவளை உயிரோடு கண்டுபிடி."

தகரம் கொதிக்கும் உச்சி வெயில். எழில் பாதையில் இறங்கினாள். முனியராஜ் வேனிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். சண்முகத்தாய் எழிலின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"மேற்க எதுக்கும்மா போறீக? அங்கிட்டு வெறும் முள்ளுக்காடு. வண்டி போகாது. இருக்கன்குடி ரோட்டுல பாப்போம். பஸ்ஸேறிப் போயிருப்பா புள்ள."

"வண்டியோட பஸ்ஸுல ஏத்த மாட்டான்கா," என்றான் உக்கிரபாண்டி. "என்னையே லக்கேஜுன்னு சொல்றான்."

சீமைக்கருவேல முள் இருபுறமும் நெருங்கியது. எழில் நடந்தபடியே குனிந்து பார்த்தாள்.

"செருப்பு போடலையா நீங்க?"

"பதட்டத்துல மறந்துட்டேன்மா. முள்ளு குத்துனா குத்தட்டும்."

பாதை திரும்பியது. முள்ளுக்குள் செருகிய மாதிரி மூன்று சக்கர வண்டி நின்றது. காலி.

"அக்கா!" முனியராஜ் கத்தினான். பதிலில்லை.

வண்டியிலிருந்து தரையில் ஏதோ இழுபட்ட தடம். உள்ளங்கைகள் ஊன்றி, உடலை இழுத்துக்கொண்டு போன தடம். அது ஒரு தகரக் கட்டடத்தின் கதவுவரை போய் நின்றது. கதவில் பெரிய பூட்டு. மேலே மங்கிய எழுத்தில் 'பருத்தி விதை குடோன்'.

உக்கிரபாண்டி மெல்லச் சொன்னான்: "மேடம், தடம் உள்ள போகுது. திரும்பி வரல."

எழில் தகரத்தில் காதை வைத்தாள். சூடு கன்னத்தைச் சுட்டது. உள்ளே மிகத் தளர்ந்த ஒரு சத்தம். டொக். இடைவெளி. டொக்.

"உள்ளேதான் இருக்கிறாள். உயிர் இருக்கிறது. இந்தக் கட்டடம் யாருடையது?"

எல்லாக் கண்களும் கோட்டைச்சாமியிடம் திரும்பின.

"இடம் என்னுதுதான்," என்றார் அவர், குடையை மாற்றிப் பிடித்தபடி. "வாடகைக்கு விட்டு வருசக் கணக்காச்சி. மதுரைக்காரன் ஒருத்தன், பருத்திக்கொட்டை ஏஜெண்டுன்னு வந்தான். நான் இந்தப் பக்கம் வாரதே இல்ல."

முனியராஜ் அவர் சட்டையைப் பிடித்தான். "நீரு பொய் சொல்றீரு! எங்க அக்காவப் பூட்டி வச்சது நீருதான்!"

"கைய எடுலே! நான் எதுக்குலே பூட்டுறேன்?"

"விடு முனியராஜ்," என்றாள் எழில். "இவர் சத்தம் கேட்டதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்து என் காலை மிதித்தார். இன்னும் வலிக்கிறது. அதோடு இவர் செருப்பு பேசும். பாண்டி பார்த்தது வெறுங்கால்."

உள்ளே டொக் என்றது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

எல்லோரும் காத்தார்கள். மறுபடி வரவில்லை.

"சாவி?" எழில் சுற்றிலும் பார்த்தாள். "யாரிடமாவது இருக்கிறதா?"

கோட்டைச்சாமி கையை விரித்தார். சண்முகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

எழில் முனியராஜின் காதில் ஏதோ சொன்னாள். அவன் திகைத்து அவளைப் பார்த்தான். பிறகு தலையாட்டிக் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கதவை நெருங்கினான்.

"ஒடைலே!" கோட்டைச்சாமி கத்தினார். "பூட்டு போனாப் போகுது. புள்ள உசுருதான் முக்கியம். ஓங்கி அடி!"

கடப்பாரையின் முனை வெயிலில் மின்னியது. முனியராஜ் அதைத் தலைக்கு மேல் ஓங்கினான்.

"அடிக்காதலே!"

அலறல் முள்ளுக்காட்டையே உலுக்கியது. சண்முகத்தாய் பாய்ந்து வந்து பூட்டின்மேல் இரண்டு கைகளையும் வைத்து மூடினாள்.

"இரும்பு மேல இரும்பு படக் கூடாதுலே! ஒரு பொறி தெறிச்சா அம்புட்டும் போயிரும்! உள்ள வெள்ளை வெடிமருந்து காயுது!"

கடப்பாரை அந்தரத்தில் நின்றது. முனியராஜ் அதை அடிக்கும் எண்ணத்தோடு தூக்கவே இல்லை என்பது அப்போது சண்முகத்தாய்க்குப் புரிந்தது. மெதுவாக அதைத் தரையில் கிடத்தினான்.

"பருத்திக் கொட்டைக்குள்ள ஏது சித்தி மருந்து?" என்றான்.

எழில் உள்ளங்கையை நீட்டினாள். "எனக்குச் சந்தேகம் செருப்பில்தான் வந்தது. கிழக்கே ஓடியவர்கள் வாசல் வழியாகச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். மறந்தவர்கள் திரும்பி வந்து மாட்டிக்கொண்டார்கள். ஒரு ஜோடி மட்டும் வாசலிலேயே கிடந்தது, ஆளோ பின்பக்கமாக மேற்கே ஓடியாச்சு. ஆனால் செருப்பை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. சாவியைக் கொடுங்கள்."

சண்முகத்தாயின் கை இடுப்புக்குப் போனது. கூடத்தின் சாவியும் பீரோவின் சாவியும் கோத்திருந்த கொத்தில் மூன்றாவதாக ஒன்று. அதைக் கொத்தோடு பூட்டில் நுழைத்தாள்.

"அவ உள்ள இருந்தது சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. ஓடி வந்தேன். ஒண்ணும் ஆகல. வேலைக்கு வந்தவளுகளப் பின்பக்கமா வெரட்டுனேன். கூட்டத்துக்கு ஆபீசருக வந்திருக்காகன்னு பூட்டிட்டு பருத்திக் காட்டு வழியா ஓடியாந்துட்டேன். அதுக்குள்ள எப்படி நொழைஞ்சாளோ பாவி மக!"

பூட்டு திறந்தது. உள்ளிருந்து அனல் முகத்தில் அறைந்தது. சாக்குகளின்மேல் வெள்ளைத் தூள் பரப்பிக் கிடந்தது. மூலையில் ராக்கெட் குழாய்கள் அடுக்கியிருந்தன. நடுவே, தூளைத் தொடாமல் சுவரோடு ஒடுங்கி முத்துச்செல்வி கிடந்தாள்.

உக்கிரபாண்டி பாய்ந்தான்.

"நில்லு!" எழிலும் முனியராஜும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"என்ன?"

"சட்டையக் கழட்டுங்கண்ணே! அந்த மினுமினுப்பு நைலான் சட்டையோட ஒருத்தனையும் மருந்து ரூமுக்குள்ள விடமாட்டாக. துணி உரசுனாலே பொறி வந்து தீப்பிடிக்கும்!"

காலையில் கூட்டத்துக்கு வந்த பெண்கள் அந்தச் சட்டையைப் பார்த்து ஏன் சிரித்தார்கள் என்பது உக்கிரபாண்டிக்கு இப்போது விளங்கியது. ஒரே இழுப்பில் பொத்தான்கள் தெறித்தன. செருப்பை உதறினான். மூச்சை அடக்கிக்கொண்டு, சாக்குகளுக்கு இடையே பாதம் பார்த்து நடந்து போனான். பேச்சில்லை. கேலியில்லை. அவளை இரண்டு கைகளிலும் ஏந்தி, போன வழியிலேயே அடிமேல் அடிவைத்துத் திரும்பி வந்தான். வாசலைத் தாண்டியதும் அவளைத் தரையில் கிடத்தினான்.

"மேடம்," என்றான் மூச்சு வாங்க, "அந்த ஊதாச் சட்டை எனக்கு வேண்டாம். நீங்களே வச்சுக்கோங்க."

கோட்டைச்சாமி குடையை விரித்து முத்துச்செல்வியின் முகத்துக்கு நிழல் பிடித்தார். முனியராஜ் தண்ணீரைத் தெளித்தான். அவள் இருமினாள். கண் திறந்தாள். முதலில் தம்பியைப் பார்த்தாள். பிறகு அவனைத் தாண்டி, கதவருகே சரிந்து உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள்.

"நீங்க வானத்தப் பாக்கல சித்தி."

சண்முகத்தாய் முந்தானையை முகத்துக்கு இழுத்தாள்.

"எல்லாரையும் ஒவ்வொருத்தரா நெனச்சு வச்சிருந்தேன். கோட்டைச்சாமி அய்யா ஓடுவாரு, இல்ல அவரு மச்சினன் ஓடுவான்னு. நீங்க ஓடுனப்ப நான் நம்பல. செட்டுல சிக்குன பொம்பளைகளக் காப்பாத்தப் போறீகன்னு எம் மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டு வண்டியக் கையால சுத்துனேன். கண்ணால பாத்துட்டு வந்துருவோம்னு உள்ள தவந்து வந்தேன். கதவச் சாத்துனப்ப கேட்டது உங்க வளையல் சத்தம் சித்தி. கூப்புட வாய் வரல."

"பேசாதக்கா," என்றான் முனியராஜ்.

"பேசத்தான போறேன்? மைக்குல பேசத்தான் வந்தேன்." அவள் கை தூரத்தில் முள்ளுக்குள் நின்ற வண்டியைக் காட்டியது. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எனக்கு யாரும் இல்லாதப்ப வெயில்லயும் மழையிலயும் எம்புட்டு ஆபீசு ஏறி எறங்குனீக. வாசல்ல உக்காந்து சண்ட போட்டீக. எதுக்கு சித்தி அந்த வண்டிய எனக்கு வாங்கிக் குடுத்தீக?"

சண்முகத்தாய் கையிலிருந்த சாவிக்கொத்தைத் தரையில் வைத்தாள்.

"அன்னைக்கு ஒங் கால வாங்குன செட்டும் என்னுதுதான் தாயி."